சந்தி மதுக்கடையும் அயலார் உரிமையும்

மதுவைப் பற்றி எழுந்த அறநூல்கள் பெரும்பாலும் குடிப்பவனை நோக்கியே பேசுகின்றன. மது வருவாயைப் பற்றி எழுந்த அறிக்கைகள் அரசினரை நோக்கிப் பேசுகின்றன. குடியாதவனாயும் விற்காதவனாயும், ஆயினும் மதுக்கடைக்கு அடுத்த வீட்டில் வாழ்பவனாயும் உள்ள மூன்றாமவன் ஒருவன் உளன். இரவில் வேலைமுடித்து அக்கடையைக் கடந்து வீடு திரும்பும் பெண்ணும், பள்ளிக்குச் செல்லும் வழியில் அதனைத் தாண்டவேண்டிய சிறுவனும், தம் வாயிற்படியில் உடைந்து கிடக்கும் போத்தல்களைக் கூட்டியள்ளும் முதியவரும் இவ்வகையினர். இவர்தம் குறையைக் கேட்டற்குரிய மன்றம் யாது என்னும் வினாவை வரலாற்றாசிரியர் நெடுங்காலம் எழுப்பினாரல்லர். திருவள்ளுவர் கள்ளுண்ணாமை அதிகாரத்தை அறத்துப்பாலில் வையாது பொருட்பாலில் வைத்தனர். மது தனிமனிதன் ஒழுக்கத்தோடு நின்றுவிடாது நாட்டியலையும் சாரும் என்னும் கருத்துக்கு அவ்வைப்புமுறை இடந்தருகின்றது. அக்கருத்து அண்மைக்கால வரலாற்றிற் செயற்பட்டவாற்றை அறிதற்கு, அமெரிக்க ஐக்கிய நாடுகளின் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் தென்பகுதி மக்கள் 1980ஆம் ஆண்டுகள் தொடக்கம் நடாத்திய போராட்டம் சிறந்த சான்றாகும்.

அமெரிக்க நகரங்களிற் காணப்படும் சந்தி மதுக்கடை ஈழத்துத் தவறணை போன்றதன்று. அங்கு அமர்ந்து குடித்தற்கு இடமில்லை. குடித்தல் சட்டத்திற்கு மாறாகும். மூடிய போத்தலில் மதுவை வாங்கிக்கொண்டு வெளியே செல்லவேண்டும். மதுவோடு பாணும் பாலும், இனிப்பும் சிகரெட்டும் அங்கு விற்கப்படும். சம்பளக் காசோலைகளைக் கழிவெடுத்துக்கொண்டு காசாக்கிக் கொடுக்கும் கடைகளும் உள. வங்கியும் பெரிய பலசரக்குக் கடையும் இல்லாத வட்டாரத்தில் இவையிரண்டின் வேலையையும் இக்கடையே அரைகுறையாகச் செய்துவந்தது. ஆகவே அதனை வெறுத்தவர்களும் அதனையே நாடவேண்டியவராயினர். உள்ளே குடித்தற்கு இடமின்மையால், வாங்கியவர் வெளியே தெருவோரத்திலும் வாகனத் தரிப்பிடத்திலும் நின்று குடித்தனர். கடையின் இலாபம் உள்ளே தங்கிற்று; அதனால் விளைந்த தொல்லை வெளியே அயலார்மேற் படிந்தது.

இத்தகைய கடைகள் ஓரிடத்திற் பெருகியமைக்குச் சட்டமும் ஒரு காரணமாயிற்று. 1920ஆம் ஆண்டில் நடைமுறைக்கு வந்த நாடளாவிய மதுவிலக்கு 1933இல் அரசியலமைப்பின் இருபத்தோராவது திருத்தத்தால் நீக்கப்பட்டபோது, மதுவைக் கட்டுப்படுத்தும் அதிகாரம் மாநிலங்கள் கைக்குச் சென்றது. கலிபோர்ணியா மாநிலம் அவ்வதிகாரத்தைத் தன்னிடமே முழுமையாக வைத்துக்கொண்டது. மது விற்றற்கு அனுமதிப்பத்திரம் வழங்கும் உரிமை நகரங்களுக்கோ ஊர்களுக்கோ அளிக்கப்படவில்லை. முதலில் வரிச்சபையொன்றின் பொறுப்பிலிருந்த இவ்வேலை, அதன்கண் நிகழ்ந்த ஊழல்கள் வெளிப்பட்டபின், 1955இல் புதிதாக அமைக்கப்பட்ட மதுபானக் கட்டுப்பாட்டுத் திணைக்களத்திடம் ஒப்படைக்கப்பட்டது. எல்லா மதுவகைகளையும் விற்கும் கடைகள், ஒரு மாவட்டத்தில் வாழும் 2,500 பேருக்கு ஒன்று என்னும் கணக்கை மிஞ்சலாகாது என்னும் வரம்பும் விதிக்கப்பட்டது. பார்வைக்கு இது நல்ல வரம்பே. ஆயின், கணக்கு மாவட்டம் முழுவதற்கும் பொதுவானது. அனுமதிப்பத்திரமோ விலைக்கு விற்று இடமாற்றக் கூடியது. செல்வர் வாழும் பகுதிகளில் நிலவிலை உயர்வு, எதிர்ப்பும் வலிது. வறியவர் வாழும் பகுதிகளில் இரண்டும் குறைவு. எனவே, சட்டத்தின் ஓரெழுத்தும் மீறப்படாமலே ஒரு பகுதியிற் கடைகள் குவிதற்கு வழி திறந்திருந்தது.

அப்பகுதி தென் மத்திய லொஸ் ஏஞ்சல்ஸ் என அழைக்கப்பட்டது. 2003இல் மாநகரசபை அப்பெயரைத் தென் லொஸ் ஏஞ்சல்ஸ் என மாற்றிற்று. இரண்டாம் உலகப் போர்க் காலத்திலும் அதற்குப் பின்னரும் தென் மாநிலங்களிலிருந்து பெயர்ந்து வந்த கறுப்பினத்தவர் இங்கு பெருந்தொகையினராய்க் குடியேறினர். வாகனம், றப்பர், உருக்கு ஆகிய தொழிற்சாலைகள் அவர்களுட் பலருக்கு நிலையான ஊதியம் தந்தன. 1965ஆம் ஆண்டு ஓகத்து மாதத்தில் உவாட்சு வட்டாரத்தில் ஆறு நாட்கள் நிகழ்ந்த கலகத்தில் 34 பேர் மாண்டனர், கடைத்தெருக்கள் எரிந்தன. எரிந்த கடைகளுட் பல மீண்டும் எழவில்லை. 1980இல் பயர்ஸ்ரோன் றப்பர்த் தொழிற்சாலையும் 1982இல் ஜெனரல் மோட்டர்ஸ் வாகனத் தொழிற்சாலையும் அயலிலுள்ள சவுத் கேற் நகரில் மூடப்பட்டன. வேலை குறைந்தது; அதனைத் தொடர்ந்து பெரிய அங்காடிகளும் வங்கிகளும் குறைந்தன. எஞ்சிய வெற்றிடத்திற் சந்தி மதுக்கடைகள் நிலைபெற்றன.

அக்கடைகளை வாங்கி நடத்தியோருட் பலர் கொரிய நாட்டினர். 1965இன் குடிவரவுச் சட்டம் நாட்டுவாரிப் பங்கீட்டை நீக்கியபின் அமெரிக்கா வந்த இவர்களுட் கல்லூரிப் பட்டம் பெற்றோர் பலர். ஆயின், அவர்தம் பட்டங்களுக்கு அங்கு மதிப்பில்லை, ஆங்கிலமும் கைகொடுக்கவில்லை. சேமித்த பணத்தோடு ‘கே’ எனத் தம்முள் வழங்கிய சீட்டு முறையாற் றிரட்டிய பணத்தையும் சேர்த்து, கணவன் மனைவி மக்கள் அனைவரும் உழைக்கும் சிறுகடைகளை அவர்கள் வாங்கினர். மதுவின் சில்லறை விலையை உற்பத்தியாளரே நிர்ணயிக்கும் முறையை 1978இல் மாநில உச்ச நீதிமன்றம் செல்லாதென்று தீர்த்தது. அதன்பின் பெருங்கடைகள் விலை குறைத்து விற்கத் தலைப்பட்டமையால், சிறுகடை நடாத்துவோர் குறைந்த இலாபத்திற்கு நெடுநேரம் உழைக்கவேண்டியதாயிற்று. கள்வருக்கஞ்சிக் குண்டு துளைக்காத கண்ணாடிக்குப் பின்னே இருந்து வாணிகம் செய்தோரும் பலர். கள்வர் கைத்துப்பாக்கிக்கு இரையான கடைக்காரரும் உளர். ஊரவர் அக்கண்ணாடியைத் தம்மேல் கொண்ட அவமதிப்பின் அடையாளமாகக் கண்டனர். கடைக்காரர் அதனைத் தம் உயிர்க்காப்பாகக் கண்டனர்.

ஊரவர் குறைகள் நெடுங்காலத்தன. கடை வாயிலிற் கூடி நின்று குடித்தல், போதைப்பொருள் விற்றல், பெண்களை இழிசொற் கூறல், சுவரோரத்திற் சிறுநீர் கழித்தல், சிறுவருக்கு மது விற்றல் என அவை நீளும். 1980ஆம் ஆண்டுகளில், கிறித்தவ ஆலயங்களைச் சார்ந்த மக்கள் அமைப்புக்கள் மாநகரசபையை வற்புறுத்தியதன் பயனாக, தென் மத்திய பகுதியில் இனித் திறக்கப்படும் மதுக்கடை நிலப் பயன்பாட்டிற்கான தனி அனுமதி பெறவேண்டும் என்னும் விதி பிறந்தது. மாநிலம் அனுமதிப்பத்திரம் வழங்கினாலும், நிலத்தை எதற்குப் பயன்படுத்தலாம் என்று கூறும் உரிமை நகரத்திடமே உண்டு. அவ்வுரிமை என்னும் சிறு வாயிலினூடாகவே அயலார் உட்புகுந்தனர். எனினும், முன்னரே நிலைபெற்றிருந்த கடைகளை அவ்விதி தீண்டவில்லை. அவற்றின் தொகையோ 700ஐத் தாண்டியிருந்தது.

1990இல் கரன் பாஸ் என்பவரும் அவர்தம் தோழரும் மக்கட் கூட்டணி என்னும் அமைப்பைத் தொடங்கினர். பாஸ் மருத்துவ உதவியாளராக மாவட்ட மருத்துவமனையில் அவசர சிகிச்சைப் பிரிவிற் பணியாற்றியவர். ‘கிராக்’ எனப்படும் கொடிய போதைப்பொருளாற் சீரழிந்த வட்டாரங்களை மீட்பதே அவ்வமைப்பின் முதல் நோக்கம். தொண்டர்கள் வீடு வீடாகச் சென்று, உங்கள் தெருவின் முதற்பெருந் தொல்லை யாது என்று வினவினர். போதைப்பொருள் விற்கும் வீடுகளே விடையாக வரும் என்று எதிர்பார்த்திருந்தனர். மக்களோ சந்தி மதுக்கடையைச் சுட்டினர். ஆய்வாளர் கருதும் தொல்லையும் ஊரவர் அனுபவிக்கும் தொல்லையும் வேறுபடலாம் என்பதற்கு இது தக்க எடுத்துக்காட்டு.

இந்நிலையில் இரு நிகழ்ச்சிகள் அடுத்தடுத்து நேர்ந்தன. 1991 மார்ச்சு 3ஆம் நாள் ரொட்னி கிங் என்னும் கறுப்பினத்தவரைப் பொலிசார் அடித்த காட்சி படமாக்கப்பட்டு நாடெங்கும் காட்டப்பட்டது. அதே மாதம் 16ஆம் நாள், ஒரு சந்திக் கடையில் ஒரு போத்தல் தோடம்பழச் சாற்றின் பொருட்டு எழுந்த சச்சரவிற் பதினைந்து வயதுக் கறுப்பினச் சிறுமியொருத்தி கொரியக் கடைக்காரியாற் சுடப்பட்டு இறந்தாள். வீழ்ந்த சிறுமியின் கையில் அதற்குரிய பணம் இருந்தது. கடைக்காரி குற்றவாளி எனக் காணப்பட்டும் சிறைவாசமின்றி நன்னடத்தைப் பிணையில் விடப்பட்டாள். 1992 ஏப்பிரில் 29ஆம் நாள் ரொட்னி கிங்கை அடித்த பொலிசாரும் விடுதலை பெற்றதும், அடக்கிவைத்த சினம் தீயாக வெடித்தது. 60க்கு மேற்பட்டோர் மாண்டனர். ஏறக்குறைய நூறு கோடி டொலர் பெறுமதியான உடைமை அழிந்தது. கொரியருக்குரிய ஏறத்தாழ 2,300 வாணிக நிலையங்கள் சேதமுற்றன. தென் மத்திய பகுதியில் எரிந்தும் சூறையாடப்பட்டும் போன மதுக்கடைகள் மட்டும் 200 வரையின.

தீயணைந்ததும் எழுந்த கேள்வி, அவற்றை மீண்டும் கட்டுவதா என்பதே. மக்கட் கூட்டணி, மதுக்கடைகள் இல்லாமல் ஊரை மீளக் கட்டுவோம் என்னும் முழக்கத்தோடு பல்லாயிரவரின் கையெழுத்துக்களைத் திரட்டிற்று. எரிந்த கட்டடங்களை விரைந்து கட்டற்கு வசதிகளளித்த மாநகரசபை, மதுக்கடை முதலிய சிலவற்றை அவ்வசதியினின்றும் விலக்கிற்று. கடையை மீளக் கட்ட விரும்புவோர் பொது விசாரணைக்கு வரவேண்டும். அயலார் அங்கு வந்து தம் குறையைக் கூறலாம். திறக்கும் நேரம், வெளிச்சம், காவலாளர், சுவர்க்கிறுக்கல்களை அழித்தல் முதலிய நிபந்தனைகள் விதிக்கப்படலாம். அடுத்த வீட்டுப் பாட்டியின் சொல் முதன்முறையாக அரசாங்கப் பதிவேட்டில் எழுதப்படும் சாட்சியாயிற்று.

கடைக்காரர் பக்கத்தையும் நடுநிலையோடு நோக்குதல் வேண்டும். அவர்கள் தீமூட்டியவரல்லர், தீக்கு இரையானவர். பலர் பெற்றிருந்த காப்புறுதி, மாநிலத்திற் பதிவுபெறாத வெளிநாட்டுக் கம்பனிகளுடையதாதலின், இழப்பீடு கிட்டவில்லை. வாழ்நாட் சேமிப்பு முழுவதும் சாம்பலான பின்னர், மீளக் கட்டுதற்குக் காவலாளரையும் அமர்த்து என்று கூறுதல் இரட்டைத் தண்டனையாகவே அவர்களுக்குத் தோன்றிற்று. சட்டப்படி நடத்திய தொழிலை ஊரின் துன்பமனைத்திற்கும் காரணமாக்குதல் நியாயமோ என்று அவர்கள் கேட்டனர். மாநகர மண்டபத்தின் முன்னே பல வாரங்கள் கூடி நின்று முறையிட்டனர். கறுப்பினத்தவருக்கும் கொரியருக்கும் இடையே மூண்ட பகையாக இதனைச் சித்திரித்தவர் பலர். பாஸ் முதலானோர் அதனை மறுத்து, வழக்கு ஓர் இனத்தோடன்று, ஒரு வாணிக முறையோடே என்றனர். அம்மறுப்பு உண்மையே. ஆயினும், அவ்வாணிக முறையின் சுமையைத் தோளிற் சுமந்தவர் ஓரினத்தவராகவே இருந்தமையும் உண்மையே.

கடைக்காரர் சார்பினர் நீதிமன்றம் சென்றனர். மது விற்பனை மாநிலத்திற்கே உரிய துறையாதலின் நகரம் அதில் தலையிடலாகாது என்பது அவர் வாதம். 1994இல் மேன்முறையீட்டு நீதிமன்றம் அவ்வாதத்தை ஏற்கவில்லை. மதுவை விற்கலாமா என்பதை மாநிலம் தீர்மானிக்கும். அயலுக்குத் தொல்லையின்றி நிலத்தைப் பயன்படுத்துமாறு பணித்தல் நகரத்திற்கு உரியது என்பது தீர்ப்பின் சாரம். அதே ஆண்டில் மாநிலச் சட்டசபையும், கடைகள் மிகுந்துள்ள இடத்திற் புதிய அனுமதிப்பத்திரம் வழங்குவதாயின் அது பொதுமக்கள் வசதிக்குத் தேவையானதெனப் பொதுவாக உள்ளூராட்சி மன்றமே உறுதிசெய்யவேண்டும் என்று விதித்தது. வடக்கேயுள்ள ஓக்லண்ட் நகரம் 1993இல் ஒரு படி மேற்சென்று, பழைய கடைகளையும் ஒழுங்குவிதிகளுள் அடக்கி, மேற்பார்வைச் செலவுக்கு அவற்றிடம் ஆண்டுக்கட்டணமும் பெற்றது. 1996இல் நீதிமன்றம் அதனையும் ஏற்றது. அறுபதாண்டுகளாக மாநிலத் தலைநகரிலேயே இருந்துவந்த அதிகாரத்தின் ஒரு கூறு இவ்வாறு தெருவுக்கு இறங்கி வந்தது.

விளைவு யாதாயிற்று? எரிந்த 200 கடைகளுள் ஏறத்தாழ 150 மீண்டும் மதுக்கடைகளாக எழவில்லை என மக்கட் கூட்டணி கணக்கிட்டது. ஸ்கிறிப்னர் என்பாரும் உடனாய்வாளரும் 1995இல் வெளியிட்ட ஆய்வு, லொஸ் ஏஞ்சல்ஸ் மாவட்டத்தின் 74 நகரங்களை ஒப்பிட்டு, மதுக்கடை மிக்க இடத்தில் அடிதடிக் குற்றங்களும் மிக்கிருத்தலைக் காட்டிற்று. வறுமை முதலிய பிற ஏதுக்களைக் கணக்கிற் கொண்ட பின்னரும் அத்தொடர்பு நிலைத்தது. 2008இல் வெளிவந்த வேறோராய்வு, 1992இற் கடைகள் அழிந்த இடங்களில் ஓராண்டு கழிந்தபின் வன்முறை குறைந்ததென்றும், அக்குறைவு ஏறக்குறைய ஐந்தாண்டு நீடித்ததென்றும் கண்டது. ஊரவர் கூற்று வெறும் மனக்குறையன்று என்பதை இவ்வாய்வுகள் நிறுவின. ஆயின், அந்த ஐந்தாண்டு வரம்பும் கருதத்தக்கது. கடை மறைந்ததால் வந்த நன்மை தானாக நெடுங்காலம் நிலைக்கவில்லை.

அதற்குரிய காரணத்தைப் போராட்டத்தின் மறுபாதியிற் காணலாம். மதுக்கடையை மூடுதல் ஒருபாதி. அவ்விடத்தில் நல்ல கடையொன்றை நிறுத்துதல் மறுபாதி. கடைக்காரர் வேறு தொழிலுக்கு மாற உதவும் திட்டமொன்றை மாநகரசபை 1990ஆம் ஆண்டுகளின் தொடக்கத்தில் வகுத்தது. காசு போட்டால் இயங்கும் யந்திரங்களைக் கொண்ட சலவைச்சாலை ஏற்றதென முன்மொழியப்பட்டது. துணி வெளுக்க யந்திரமில்லாத வீடுகள் மிகுந்த பகுதிக்கு அது பயனுடைய தொழிலே. ஆயின், யந்திரங்களின் விலை பெரிது. நீர் மிகுதியாகச் செலவாவதால் கழிவுநீர்க் குழாய் இணைப்புக்கு நகரம் அறவிடும் கட்டணமும் பெரிது. ஊரவரும் கொரிய, ஆசிய அமைப்பினரும் ஒன்றுகூடி முறையிட்டதன்பேரில் அக்கட்டணம் தளர்த்தப்பட்டது. பகைவர் எனப் பேசப்பட்ட இருசாராரும் ஒரே மேசையில் அமர்ந்த தருணம் அது. எனினும், ஒதுக்கப்பட்ட பணம் சொற்பம். கடன் கிடைத்தல் அரிது. தொழில் மாறியோர் மிகச் சிலரே. அதே காலத்தில், பெருங்கம்பனிகளின் முதலீட்டைக் கொணரும் நோக்குடன் பெரும் ஆரவாரத்தோடு தொடங்கப்பட்ட ‘றீபில்ட் எல்.ஏ.’ என்னும் அமைப்பு, எதிர்பார்த்த அங்காடிகளையும் தொழில்களையும் போதியளவு கொணராமலே 1997இற் கலைந்தது.

தடை மட்டும் போதாது என்பதைப் பிற்கால நிகழ்ச்சியொன்றும் வலியுறுத்துகின்றது. 2008இல் தென் லொஸ் ஏஞ்சல்சிற் புதிய துரித உணவுக்கடைகள் தனிக்கட்டடத்தில் எழுவதை மாநகரசபை தடுத்தது. 2015இல் வெளியான ஆய்வொன்று, தடையின் பின்னரும் அப்பகுதி மக்களிடையே உடற்பருமன் கூடிக்கொண்டே சென்றதைக் காட்டிற்று. இனிமேல் வருவதைத் தடுத்த விதி, முன்னரே அங்கிருந்த சிறுகடைகளில் என்ன விற்கப்பட்டது என்பதை மாற்றவில்லை. பிலடெல்பியா நகரிலோ வேறு வழி கைக்கொள்ளப்பட்டது. அங்கு 2004இல் தொடங்கிய முயற்சியாற் சந்திக் கடைக்காரருக்குக் குளிர்பெட்டிகளும், பழமும் மரக்கறியும் பழுதாகாமல் வைத்து விற்கும் பயிற்சியும் அளிக்கப்பட்டன. நூற்றுக்கணக்கான கடைகள் அதிற் சேர்ந்தன. பால்ரிமோர் நகரமோ 2017இல் நடைமுறைக்கு வந்த நிலப்பயன்பாட்டுச் சட்டத்தால், குடியிருப்புப் பகுதியிலிருந்த மதுக்கடைகள் இரண்டாண்டுள் மூடவோ தொழில் மாறவோ வேண்டுமென்றது. அங்கும் கொரியக் குடும்பங்கள் பல, கால் நூற்றாண்டுக்கு முன் லொஸ் ஏஞ்சல்சில் எழுந்த அதே கேள்வியை எழுப்பின: ஊரின் நன்மைக்காக ஒரு தொழில் ஒழியவேண்டுமாயின், அதன் விலையை ஊர் முழுவதும் செலுத்துவதா, கடைக்காரன் ஒருவனே செலுத்துவதா?

இவ்வரலாற்றின் நடுவே நிற்பது இக்கேள்வியே. அயலார் தம் தெருவைப் பற்றிச் சொல்லும் உரிமையைப் போராடிப் பெற்றனர். அது சிறு வெற்றியன்று. மக்கட் கூட்டணியைத் தொடக்கிய கரன் பாஸ் மாநிலச் சட்டசபைத் தலைவராகி, 2022 டிசெம்பரில் லொஸ் ஏஞ்சல்ஸ் மாநகரின் முதற் பெண் முதல்வராகவும் பதவியேற்றார். ஆயினும், வேண்டாததை விலக்கும் உரிமையைச் சட்டத்தால் வழங்கலாம். வேண்டியதைக் கொணர்தற்குப் பணமும் கடனும் பொறுமையும் வேண்டும். முன்னதற்கு நகரம் மனம் வைத்தது. பின்னதற்குக் கை சுருக்கிற்று. கடைக்காரனைத் தொழில் மாற்றும் செலவு பொதுச்செலவாக ஏற்கப்பட்டிருப்பின், இருசாராரிடையே இருந்த மனக்கசப்பும் பெரிதளவு தணிந்திருக்கும்; வெறுமையான காணிகளும் குறைந்திருக்கும்.

அவ்வெறுமைக்குச் சான்று தென் லொஸ் ஏஞ்சல்சிலேயே இருந்தது. வேர்மொன்ற் வீதியும் மான்செஸ்டர் வீதியும் சந்திக்குமிடத்தில் 1992இற் கடைகள் எரிந்த பெருநிலம், வேலியடைக்கப்பட்டுக் கால் நூற்றாண்டுக்கு மேலாகப் புல் முளைத்துக் கிடந்தது. உடையவரிடமிருந்து மாவட்ட ஆட்சி அதனைச் சட்டப்படி பொதுத்தேவைக்கெனச் சுவீகரித்த பின்னரே, 2022இல் மாணவர் தங்கிப் படிக்கும் பாடசாலையொன்று அங்கு திறக்கப்பட்டது. 1992இல் அந்நிலம் எரிந்தபோது பாலர் வகுப்பிற் படித்த பிள்ளை, அப்பாடசாலை திறந்த ஆண்டில் முப்பத்தைந்து வயதை எட்டியிருக்கும்.